வரம் வேறு, கனி வேறு: ஆவிக்குரிய வளர்ச்சியை எதை வைத்து அறிவது?

கன்வென்ஷன் என்னும் பல நாள் ஜெபக் கூட்டங்கள் முடிந்த அடுத்த வாரத்தில் பல கிறிஸ்தவ வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. மூன்று இரவு கண்ணீரோடு ஜெபித்தவர், திங்கட்கிழமை காலை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் பழைய குரலிலேயே கத்திவிடுகிறார். பிறகு உள்ளம் குத்துகிறது: அந்தக் கண்ணீர் பொய்யா? நான் வளரவே இல்லையா? இதைக் கேட்பவர்களில் பலர் சபைக்குப் புதியவர்களும் அல்லர். இருபது ஆண்டுகளாக வேதம் வாசித்து, பாடகர் குழுவில் நின்று, ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தவர்களும் கேட்கிறார்கள்.

இந்தக் குழப்பத்திற்கு அவர்களுடைய அக்கறையின்மை காரணமில்லை. நாம் ‘ஆவிக்குரிய வளர்ச்சி’ என்ற ஒரே பெயரை நான்கு வெவ்வேறு பொருள்களுக்கு வைத்துவிட்டோம் என்பதே காரணம். கூட்டத்தில் கிடைக்கும் உணர்ச்சி, வேத அறிவு, அந்நிய பாஷை (ஆவியின் ஏவுதலால் தான் அறியாத மொழியில் பேசுவது) போன்ற வரங்கள், குடும்பத்தில் காணும் செழிப்பு ஆகிய நான்கில் எது கூடினாலும் ‘வளர்ந்துவிட்டார்’ என்கிறோம். வேதம் இந்த நான்கையும் அறிந்திருக்கிறது. ஆனால் வளர்ச்சியை அளக்க இவற்றில் ஒன்றையும் அளவுகோலாக எடுக்கவில்லை.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

‘ஆவிக்குரிய’ என்றவுடன் உடலுக்கும் உலகத்துக்கும் தூரமான ஏதோ ஒன்று நம் மனதில் தோன்றுகிறது. மலை, தனிமை, உபவாசம் என்று எண்ணம் ஓடுகிறது. தொடக்கக் காலச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது அவர் சொல்லவருவது பரிசுத்த ஆவியானவருக்கு உரியது, அவரால் ஆளப்படுவது என்பதுதான். அதன் எதிர்ச்சொல்லாக அவர் வைப்பது ‘மாம்சத்துக்குரிய’ என்பது. அங்கும் மாம்சம் என்பது தோலையும் எலும்பையும் குறிக்கவில்லை. தன்னையே நடுவில் வைத்துக்கொண்டு வாழும் மனநிலையை அது குறிக்கிறது.

இது விளங்கினால் ஒன்று தெளிவாகிறது. சமையல் ஆவிக்குரியதாக இருக்க முடியும்; பிரசங்கம் மாம்சத்துக்குரியதாக இருக்க முடியும். செயல் எது என்பதைவிட, அதை உள்ளிருந்து ஆள்வது யார் என்பதே கேள்வி.

பட்டீர்கள், படுகிற, படுவது

அடுத்த குழப்பம் இரட்சிப்பைப் பற்றியது. ‘நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன், பிறகு ஏன் இன்னும் போராட்டம்?’ என்பவர்களுக்கு நம் தமிழ் வேதாகமத்தின் வினைச்சொற்களே விடை வைத்திருக்கின்றன.

1. எபேசியர் 2:8 ‘இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்கிறது. இது முடிந்த செயல். இதை இறையியலில் நீதிமானாக்கப்படுதல் என்பார்கள். தேவன் நம்மைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட அந்தத் தீர்ப்பில் ஏறுவதும் இறங்குவதும் கிடையாது.

2. 1 கொரிந்தியர் 1:18 ‘இரட்சிக்கப்படுகிற நமக்கோ’ என்கிறது. இது நடந்துகொண்டிருப்பது. இதற்குப் பரிசுத்தமாகுதல் என்று பெயர். வளர்ச்சி என்று நாம் பேசுவதெல்லாம் இந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

3. ரோமர் 5:10 ‘இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயமாமே’ என்கிறது. இது வரப்போகும் நிறைவு, அதாவது மகிமைப்படுதல்.

முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்றாக்கிவிட்டால் இரண்டு விபத்துகள் நேரும். பிள்ளையிடம் கத்திய அன்று ‘நான் தேவனுடைய பிள்ளையே அல்ல’ என்று நொறுங்குவது ஒன்று. ‘ஏற்றுக்கொள்ளப்பட்டாயிற்று, இனி மாற என்ன இருக்கிறது’ என்று அசையாமல் உட்கார்ந்துவிடுவது இன்னொன்று. பிறந்த குழந்தை அந்த வீட்டுப் பிள்ளையாவதற்கு வளரவேண்டியதில்லை. ஆனால் பிள்ளையாக இருப்பதால்தான் வளர்கிறது.

பரிசுத்தமாகுதல் என்ற இந்த இரண்டாம் கட்டம் இம்மையில் எவ்வளவு தூரம் போகும் என்பதில் திருச்சபைகளுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறார் என்பதை லூத்தரன் மரபு அழுத்திச் சொல்கிறது. அன்பு முழுமையடைந்த நிலையை இம்மையிலேயே அடையக்கூடும் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்தார். கத்தோலிக்க மரபு ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்களின் வழியாக வரும் அருளை மையத்தில் வைக்கிறது. ஆவியானவரின் அபிஷேகத்தைத் தனி அனுபவமாக நாடுவது பெந்தெகொஸ்தே மரபு. ஒரே ஊரில் நான்கு ஆலயங்களுக்கும் போய்ப் பிரசங்கம் கேட்கிற ஒருவர் குழம்பாவிட்டால்தான் வியப்பு. ஆனாலும் இந்த மரபுகள் அனைத்தும் வளர்ச்சி தேவை என்பதிலும், அதன் அடையாளம் அன்பு என்பதிலும் ஒன்றுபடுகின்றன.

கொரிந்து: வரம் நிறைந்திருந்தும் வளராத சபை

வரத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளக் கிரேக்க நகரமான கொரிந்துவின் சபையைப்போல வேறு உதாரணம் இல்லை. அது பவுல் ஒன்றரை ஆண்டு தங்கிப் போதித்த சபை. சுமார் கி.பி. 55ஆம் ஆண்டில், எபேசுவில் இருந்தபடி அவர் அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். முதல் அதிகாரத்திலேயே, அவர்கள் எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று ஒப்புக்கொள்கிறார். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், குணமாக்குதல், அறிவு எல்லாம் அங்கே இருந்தன. இன்று அப்படி ஒரு சபை நம் ஊரில் இருந்தால் வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருவார்கள்.

அதே சபைக்கு மூன்றாம் அதிகாரத்தில் பவுல் எழுதுவதைப் பாருங்கள். அவர்களை ஆவிக்குரியவர்கள் என்று எண்ணிப் பேச முடியவில்லை, மாம்சத்துக்குரியவர்கள் என்றும் ‘கிறிஸ்துவுக்குள் குழந்தைகளென்றும்’ எண்ணியே பேசவேண்டியதாயிற்று என்கிறார். காரணத்தையும் உடனே சொல்கிறார்: பொறாமை, வாக்குவாதம், பேதகம். ‘நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்’ என்று போதகர்களின் பெயரால் எழுந்த கட்சிப் பேச்சு. ஆறாம் அதிகாரத்தில் சகோதரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுகிறார்கள். பதினோராம் அதிகாரத்தில் கர்த்தருடைய பந்திக்கே வந்து, வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்’.

பவுல் அவர்களுடைய வரங்களைப் போலி என்று சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வரங்கள் உண்மையானவை, அவற்றைத் தந்தவரும் ஆவியானவரே. அப்படியிருந்தும் அவர்கள் குழந்தைகள். இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. வரம் கொடுக்கப்படுவது, ஒரே நாளில் வரக்கூடியது, மற்றவர்களின் நன்மைக்காக ஒருவர் கையில் வைக்கப்படுவது. கனி விளைவது, அதற்குப் பருவம் வேண்டும். கையில் இருக்கும் வரத்தைக் காட்டி உள்ளத்தின் முதிர்ச்சியை நிரூபிக்க முடியாது. மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் இயேசுவே இதை இன்னும் கடுமையாகச் சொல்கிறார். அவருடைய நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தவர்களும் அற்புதம் செய்தவர்களும் அந்நாளில் ‘நான் உங்களை அறியவில்லை’ என்ற வார்த்தையைக் கேட்கிறார்கள்.

இதன் விளைவு நம் சபைகளுக்கு மிகவும் நடைமுறையானது. நன்றாகப் பேசுகிறார், நன்றாகப் பாடுகிறார், ஜெபித்தால் நடக்கிறது என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துகிறோம். பிறகு பண விஷயத்திலோ, பெண்களிடம் நடந்துகொள்ளும் முறையிலோ அவர் விழும்போது அதிர்ச்சி அடைகிறோம். 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு வைக்கும் தகுதிகளில் போதிக்கும் திறமை ஒன்று. மற்றவை ஏறக்குறைய எல்லாமே குணத்தையும் வீட்டு வாழ்க்கையையும் பற்றியவை. அந்தப் பட்டியலை ஏன் இவ்வளவு எளிதாகத் தாண்டிச் செல்கிறோம் என்று ஒவ்வொரு சபைக் கமிட்டியும் தன்னைக் கேட்கவேண்டும்.

கனி எங்கே விளைகிறது?

கலாத்தியர் 5:22, 23 தரும் பட்டியல் பலருக்கும் மனப்பாடம்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ‘கனி’ என்பது அங்கே ஒருமையில் இருக்கிறது. ஒன்பது பழங்களில் பிடித்ததைப் பறித்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே இல்லை. ஒரே கனியின் ஒன்பது சுவைகள்.

இவற்றில் பலவற்றைத் தனியறையில் வளர்க்கவே முடியாது. பொறுமைக்கு, நம் பொறுமையைச் சோதிக்கிற ஓர் ஆள் வேண்டும். சாந்தத்துக்கு, நமக்குக் கோபம் வரும்படி பேசுகிற ஒரு வாய் வேண்டும். ரேஷன் கடை வரிசை, கூட்டுக் குடும்பத்தின் சமையலறை, அலுவலகத்தில் நம் உழைப்புக்கு இன்னொருவர் பெயர் வாங்கிக்கொள்ளும் நாள், படுக்கையில் இருக்கும் மாமியாரின் மூன்றாவது அழைப்பு: கனி விளைகிற நிலம் இவைதாம். திங்கட்கிழமை காலை, கன்வென்ஷனின் ஆசீர்வாதம் தொலைந்துபோகும் இடமாகத் தெரிகிறது. கூட்டத்தில் விழுந்த விதை மண்ணுக்குள் இறங்கும் இடமும் அதுவே.

அதே அதிகாரத்தில் கனிக்கு முன்பாக வரும் ‘மாம்சத்தின் கிரியைகள்’ பட்டியலையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. நம் தமிழ் வேதாகமத்தில் 17 பெயர்கள். பகைகள், விரோதங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், பொறாமைகள் என்று அவற்றில் பாதிக்குக் குறையாதவை உறவை உடைக்கும் பாவங்கள். குடித்துவிட்டு ஆலயத்துக்கு வருகிறவரைக் கண்டிக்கிறோம். ஆனால் பத்து ஆண்டுகளாகத் தம்பியோடு பேசாத அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்து திருவிருந்து எடுப்பதைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கிறோம். பவுல் இரண்டையும் ஒரே பட்டியலில்தான் எழுதியிருக்கிறார்.

மாற்றம் எப்படி நடக்கிறது?

வளர்ச்சி தேவனுடைய வேலையா, நம் முயற்சியா என்பது பழைய கேள்வி. பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ‘இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்’ என்று கட்டளையிட்டுவிட்டு, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று காரணம் காட்டுகிறது. மாற்கு 4ஆம் அதிகாரத்தில் வரும் விவசாயி விதைக்கிறான், தூங்குகிறான், எழுந்திருக்கிறான். அவன் அறியாமலே விதை முளைக்கிறது: முன்பு முளை, பின்பு கதிர், பின்பு கதிரிலே நிறைந்த தானியம். நாற்றைப் பிடித்து இழுத்துப் பயிரை உயரமாக்க முடியாது என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். தண்ணீர் பாய்ச்சாமல், களை எடுக்காமல் விட்டாலும் விளையாது என்பதும் தெரியும்.

நம் பங்கு எப்படி இருக்கும் என்பதற்கு எபேசியர் 4:28 தெளிவான மாதிரி. திருடனுக்குப் பவுல் சொல்வது மூன்று படிகள். இனித் திருடாதே, உன் கைகளினால் நலமான வேலை செய், குறைச்சலுள்ளவனுக்குக் கொடு. திருட்டை நிறுத்தியதோடு அவன் மாற்றம் முடியவில்லை. எடுத்த கை உழைக்கும் கையாகி, கடைசியில் கொடுக்கும் கையாகிறது. அதே அதிகாரம் இதை ‘களைந்துபோட்டு’, ‘தரித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆடை மாற்றும் சொற்களில் சொல்கிறது. கோபக்காரர் ‘இனிக் கோபப்படமாட்டேன்’ என்று தீர்மானிப்பது பாதி வேலை. கத்திய இடத்தில் என்ன பேசுவது என்பதையும் அவர் பழகவேண்டும். கத்திவிட்டால் பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்கவும் பழகவேண்டும். எபிரெயர் 5:14 முதிர்ந்தவர்களை, நன்மை தீமையைப் ‘பயிற்சியினால்’ பகுத்தறிகிறவர்கள் என்கிறது. பயிற்சி என்ற சொல் அங்கே தற்செயலாக விழவில்லை.

கிருபை வரும் வாய்க்கால்கள்

தண்ணீர் தேவனுடையது, வாய்க்காலை வெட்டித் துப்புரவாக வைப்பது நம் வேலை. திருச்சபை நெடுங்காலமாக அறிந்திருக்கும் வாய்க்கால்கள் சில:

1. வேத வாசிப்பு. ஜெர்மனியில் பிலிப் ஸ்பேனர் 1675இல் எழுதிய சீர்திருத்தத் திட்டத்தின் முதல் கோரிக்கையே, வேதம் வீடுகளிலும் சிறு கூட்டங்களிலும் தாராளமாக வாசிக்கப்படவேண்டும் என்பது. அதிலிருந்து எழுந்த பக்தி இயக்கம் ஹாலே நகரில் வேரூன்றியது. அங்கே பயின்ற மிஷனெரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. விளக்கேற்றும் நேரத்தில் தமிழ் வீடுகளில் நடக்கும் குடும்ப ஜெபத்தில் அந்த மரபின் தடம் இருக்கிறது. அளவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்று வாசித்தால் சரியாக ஓர் ஆண்டு. புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையின் ஒரு வசனத்தோடு ஆண்டு முழுவதையும் ஓட்டுவது விதைநெல்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அறுவடையை எதிர்பார்ப்பதாகும்.

2. ஜெபம். இங்கே நேரமில்லை என்பதே பெரிய தடையாகச் சொல்லப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் கர்மேல் சபைத் துறவிகளின் மடமொன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். போரில் கால் ஊனமுற்ற முன்னாள் சிப்பாய். அவருக்குத் தரப்பட்ட வேலை சமையலறை. அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை அது. ஏறக்குறைய 15 ஆண்டுகள் அந்த அடுப்படியில், பாத்திரச் சத்தத்தின் நடுவே தேவனோடு பேசப் பழகினார். தொடக்கத்தில் பத்து ஆண்டுகள் உள்ளத்தில் மிகுந்த வேதனைப்பட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். வேலையை விட்டு ஜெபத்துக்கு ஓடாமல், வேலைக்குள்ளேயே ஜெபம் இறங்கிய வாழ்க்கை அது.

3. திருவிருந்து, அல்லது நற்கருணை. பந்திக்கு வருமுன் ‘தன்னைத்தானே சோதித்தறி’ என்ற வார்த்தை, மாதமொருமுறையாவது நம்மை நிறுத்திக் கேட்கிற கேள்வி.

4. கொடுத்தல். தமிழ்ச் சபைகளில் பிடி அரிசி காணிக்கை பலருக்கும் தெரிந்த வழக்கம். மிசோரம் சபைகளில் பெண்கள் இதை 1910இல் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்காக எடுத்து வைக்கிறார்கள். பணம் புழங்காத வீட்டிலும் முடியும். நாளுக்கு இரண்டு முறை அடுப்படியில் நடக்கிற ஆராதனை அது. சுயத்தின் பிடி தளர இதைவிட எளிய பயிற்சியை நான் அறியேன்.

பிரிஸ்டலில் ஒரு பென்னி

ஐந்தாவது வாய்க்கால் ஐக்கியம். அதற்குத் தனி இடம் கொடுக்கக் காரணம் உண்டு: இன்று அதிகம் தூர்ந்துபோயிருப்பது அதுதான்.

ஜான் வெஸ்லியின் உள்ளம் 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் அனல்கொண்டது பலருக்கும் தெரிந்த கதை. அதற்கு எட்டு மாதம் நிரம்புவதற்குள், 1739 ஜனவரி 4 அன்று, தாம் இன்னும் கிறிஸ்தவன் அல்ல என்று அவரே நாட்குறிப்பில் எழுதியது அவ்வளவாகத் தெரியாது. உணர்ச்சியின் அனல் ஏறி இறங்கும் என்பதை அவர் தம் அனுபவத்திலேயே கண்டார். ஆகவே தம் மக்களை அதன்மேல் கட்ட அவர் முயலவில்லை.

1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கட்டடத்தின் கடனை அடைக்க வழி தேடினார்கள். கேப்டன் ஃபாய் என்பவர், ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி (சிறு ஆங்கிலக் காசு) தரட்டும் என்றார். ஏழைகளால் முடியாதே என்றபோது, பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடும்படியும், அவர்களால் முடியாததைத் தாமே தருவதாகவும் சொன்னார். அப்படியே பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் அமைந்தன. காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: ஒருவர் குடிக்கிறார், இன்னொரு வீட்டில் சண்டை, வேறொருவர் கடனில் மூழ்கியிருக்கிறார். கடன் வசூல் மேய்ப்பாக மாறியது. வாரந்தோறும் கூடி, ‘உன் ஆத்துமா எப்படி இருக்கிறது’ என்று ஒருவரையொருவர் உண்மையாக விசாரித்தார்கள். மெதடிஸ்ட் இயக்கம் நிலைத்து நின்றது இந்த விசாரிப்பினால்.

நம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் பாட்டு, செய்தி, தேநீர் எல்லாம் இருக்கின்றன. இந்த விசாரிப்பு இருக்கிறதா? ஜெபக் குறிப்பு கேட்டால் வேலை, திருமணம், விசா, அறுவைச் சிகிச்சை என்று சொல்கிறோம். ‘என் கோபத்துக்காக ஜெபியுங்கள்’ என்று சொல்லக்கூடிய நம்பிக்கையான இரண்டு மூன்று பேரைத் தேடிக்கொள்வது, ஒருவர் தம் வளர்ச்சிக்குச் செய்துகொள்ளும் பெரிய உதவி. சொன்னது வெளியே போகாது என்ற உறுதி அங்கே இருக்கவேண்டும்.

வறட்சி வந்தால்

ஜெபம் சுவையற்றுப்போகும் காலங்கள் வரும். அதைப் பின்மாற்றம், அதாவது விசுவாசத்திலிருந்து விலகிப்போதல், என்று உடனே முத்திரை குத்துவது கொடுமை. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்கும் 13ஆம் சங்கீதமும், விடியலே இல்லாமல் இருளில் முடியும் 88ஆம் சங்கீதமும் வேதத்துக்குள்ளேயே இருக்கின்றன. விசுவாசத்தோடு கூப்பிட்டவர்களின் ஜெபங்கள் அவை.

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஏலியாவின் கதையில் இன்னொரு குறிப்பு உண்டு. சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்டவருக்கு தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. உறங்கவிட்டு, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் உறங்கவிட்டு மறுபடியும் கொடுத்தான். களைப்பு, தூக்கமின்மை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, நாள்பட்ட மனநோய் ஆகியவற்றை விசுவாசக் குறைவு என்று சொல்லி மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பது ஆவிக்குரிய ஆலோசனை ஆகாது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறவருக்கு ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும், இரண்டும் தாமதிக்காமல்.

எதை வைத்து அறிவது?

தொடக்கத்தில் வந்த தாயையோ தகப்பனையோ எண்ணிக்கொள்வோம். கத்திய பிறகு உள்ளம் குத்தியதே, அது கவனிக்கவேண்டிய குறி. பவுல் தம்மைப் பற்றிச் சொல்பவை இந்த வரிசையில் இறங்குகின்றன: கொரிந்தியருக்கு எழுதும்போது ‘அப்போஸ்தலரெல்லாரிலும் நான் சிறியவன்’, எபேசியருக்கு எழுதும்போது பரிசுத்தவான்கள் எல்லாரிலும் சிறியவன், தீமோத்தேயுவுக்கு எழுதும்போது பாவிகளில் ‘பிரதான பாவி நான்’. வெளிச்சம் கூடும்போது அறையின் தூசி அதிகமாகத் தெரிகிறது.

ஆனால் குத்துவதோடு நின்றால் போதாது. ஓர் ஆண்டுக்கு முன்பு இரண்டு நாள் நீடித்த கோபம் இப்போது எத்தனை மணி நேரத்தில் அடங்குகிறது? மன்னிப்புக் கேட்க முன்பைவிட விரைவாக வாய் திறக்கிறதா? நம்மிடம் சம்பளம் வாங்குபவரிடமும் நம்மிடம் கடன் பட்டவரிடமும் நம் பேச்சு மாறியிருக்கிறதா? இவற்றுக்கு நாமே பதில் எழுதிக்கொள்வதைவிட நம்மோடு வாழ்கிறவர்களைக் கேட்பது நம்பகமானது. எரிகோவின் வரி வசூல் தலைவன் சகேயு, தான் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னபோது, இயேசு ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்றார். அவன் மாறிவிட்டானா என்று எரிகோவில் யாராவது விசாரிக்க விரும்பியிருந்தால், போய்த் தட்டவேண்டிய கதவுகள் அவனால் ஏமாற்றப்பட்டவர்களுடையவை.